அச்சு யாருக்குச் சொந்தம்?

சிக்னலில் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு கார் வந்து நிற்கிறது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். உள்ளே ஓடுவது என்ன பாட்டு, யார் பாடியது, ஒன்றும் தெரியவில்லை. ஆனால், 'தும்... தும்... தும்...' என்று ஏதோ ஒன்று உங்கள் நெஞ்சுக்கூட்டைத் தட்டுகிறது. உங்கள் வண்டியின் கண்ணாடி அதிர்கிறது. பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறுகிறது.

மனசுக்குள் நாலு வார்த்தை திட்டியிருப்பீர்கள். நியாயம்தான். ஆனால், அந்த இளைஞனிடம் நல்லவிதமாகப் பேசி டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பெருமையாகத் திறந்து காட்டுவான். சக்கரத்துக்கு மேலே இருக்கும் மேடு பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு, வழவழவென்று வளைந்து நெளிந்து ஓர் உருவம். நடுவே ஒற்றைக் கண் மாதிரி ஸ்பீக்கர். கதவைப் பார்த்தால், கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் தகட்டுக்குப் பதிலாக அங்கேயும் ஒரு புதுப் புடைப்பு, அதற்குள் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். இதை எந்த கார் கம்பெனியும் செய்யவில்லை. எந்தக் கடையிலும் ரெடிமேடாகக் கிடைக்காது. இந்த ஒரு காருக்காக யாரோ ஒருவர், கையில் பிரஷ்ஷும் மூக்கில் முகமூடியுமாக உட்கார்ந்து செய்தது.

ஃபைபர்கிளாஸ்!

தொழிற்சாலை இல்லாத மனிதனுக்கு, தான் நினைத்த உருவத்தைத் தானே செய்துகொள்ளும் வசதியைக் கொடுத்த சரக்கு இது. அந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. ஒரு மனிதர் தன் தொழிலையே அதற்கு விலையாகக் கொடுத்தார். அவர் கதைக்கு வருவதற்கு முன், அந்த 'தும் தும்' எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்துவிடுவோம்.

* * *

1930. அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த வருடம். சிகாகோவில் பால் கால்வின் என்பவர் தன் தம்பி ஜோசப்போடு சேர்ந்து ஒரு சின்ன கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். வீட்டு ரேடியோவுக்கான துணைக்கருவி தயாரிக்கும் தொழில். அது கிட்டத்தட்ட படுத்துவிட்டது. அடுத்து என்ன செய்வது? காரில் ரேடியோ வைத்தால் என்ன?

சொல்வது சுலபம். அந்தக் கால ரேடியோ ஒரு பெட்டகம் மாதிரி இருக்கும். கார் இன்ஜின் கிளப்பும் மின்சார இரைச்சலில் பாட்டு எங்கே கேட்கும்? எப்படியோ மல்லுக்கட்டித் தன் ஸ்டூட்பேக்கர் காரில் ஒன்றைப் பொருத்தினார் கால்வின். அட்லான்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. உள்ளே ஸ்டால் போடக் காசில்லை. ஆகவே காரை வாசலில் நிறுத்தி, ரேடியோவை அலறவிட்டார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று கேட்டார்கள். ஆர்டர் வந்தது. மோட்டார் வண்டி என்பதில் இருந்து 'மோட்டார்', அந்நாளைய பாட்டுப்பெட்டியான விக்ட்ரோலாவின் வாலில் இருந்து 'ஓலா'. மோட்டரோலா!

விலை சுமார் 120 டாலர். ஒரு புது ஃபோர்டு காரே 500 டாலர் சுமாருக்குக் கிடைத்த காலம் அது. கடன் வாங்குவதற்காக ஒரு பேங்க் அதிகாரியின் காரில் கால்வின் இலவசமாக ரேடியோ பொருத்திக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்துக்கொண்டதாம். கடன் கிடைத்திருக்காது என்று சொல்லத் தேவையில்லை. கார் ஆடியோ உலகில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை இது.

ஆக, காருக்குள் பாட்டு வந்துவிட்டது. ஆனால் 'தும்' வரவில்லை. அதற்கு இன்னும் 24 வருடம் ஆக வேண்டியிருந்தது.

ஏன் என்று புரிய வேண்டுமானால், ஒரு தொட்டித் தண்ணீரில் உள்ளங்கையை விட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பெரிய அலை எழாது. முன்னால் தள்ளிய தண்ணீர், கையின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடிவிடும். ஸ்பீக்கரும் இப்படித்தான். அதன் காகிதக் கூம்பு முன்னால் வந்து காற்றைத் தள்ளும்போது, பின்பக்கம் வெற்றிடம் உண்டாகிறது. தள்ளிய காற்று ஓரமாகச் சுற்றிப் பின்னால் போய்விடுகிறது. மெல்லிய உயர்ந்த ஒலிகள் தப்பித்துவிடும். கனமான பேஸ் ஒலி மட்டும் காணாமல் போய்விடும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்க ஒரு தடுப்பு வேண்டும். அதாவது, ஒரு பெட்டி.

அந்தக் காலத்தில் நல்ல பேஸ் வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ் அளவுக்குப் பெட்டி செய்தார்கள். எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-ல் அதை மாற்றினார். சைக்கிள் பம்ப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் என்ன ஆகும்? உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரித் திருப்பித் தள்ளும். அந்தக் காற்று ஸ்பிரிங்கை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டார் வில்ச்சர். கூம்பைத் தளர்வாகக் கட்டிவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே இருந்த காற்றே கூம்பை இழுத்துப் பிடித்தது. தன் மாணவராக இருந்த ஹென்றி கிளாஸோடு சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் கம்பெனி ஆரம்பித்தார். அவர்களுடைய ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர் புத்தக அலமாரியில் உட்காரும் அளவுதான். ஆனால், ஃபிரிட்ஜ் சைஸ் பெட்டிகளை வெட்கப்பட வைத்தது.

பிற்பாடு நெவில் தீல் என்ற ஆஸ்திரேலியர் 1961-லும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் ஆரம்பத்திலும் இந்த விஷயத்தைக் கணக்காக எழுதிவிட்டார்கள். இந்த ஸ்பீக்கருக்கு இத்தனை லிட்டர் காற்று வேண்டும், தீர்ந்தது! காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டி செய்யலாம்.

இந்தக் கணக்கில் ஒரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது. ஆழமான பேஸ் ஒலியின் அலைநீளம் மிகப் பெரியது. விநாடிக்கு 50 அதிர்வு கொண்ட ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர். ஒரு காரைவிட நீளம்! அத்தனை பெரிய அலைக்கு, பெட்டி சதுரமா, உருண்டையா, பலாப்பழம் மாதிரியா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எத்தனை லிட்டர்? ஓட்டை இருக்கிறதா? சுவர் அதிராமல் நிற்குமா? இது மூன்றுதான் கேள்வி.

எந்த உருவமும் சரி! ஆனால், எந்த உருவத்தையும் செய்வதற்கு மரம் ஒத்துக்கொள்ளாதே? மரம் நேர்கோட்டை விரும்பும் ஜாதி. காரில் நேர்கோடு எங்கே இருக்கிறது? நேரான மரப்பெட்டி வைத்தால் டிக்கி முழுக்க அதற்கே சரியாகிவிடும். பெட்டி படுக்கை வைக்க இடம் போய்விடும். அதே நேரம் சக்கர மேட்டுக்குப் பின்னால், பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளே என்று கோணல்மாணலாக எத்தனையோ லிட்டர் இடம் சும்மா கிடக்கிறது.

கோணல் இடத்துக்குக் கோணல் பெட்டி. அதற்கு ஒரு சரக்கு வேண்டியிருந்தது. அது இன்னொரு மூலையில், வேறு எதற்காகவோ தயாராகிக்கொண்டிருந்தது.

* * *

1893. சிகாகோவில் உலகக் கண்காட்சி. ஒஹாயோ மாநிலத்துக் கண்ணாடித் தொழிலதிபர் எட்வர்ட் லிபி அங்கே ஓர் அதிசயத்தைக் காட்டினார். கண்ணாடி இழையும் பட்டும் சேர்த்து நெய்த கவுன். ஜார்ஜியா கேவன் என்ற நாடக நடிகைக்காகச் செய்தது. கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. ஆனால், உட்கார்ந்தால் உடைந்துபோகிற உடையை யார் வாங்குவார்கள்? அதோடு முடிந்தது கதை.

அடுத்து 1932. அதே ஒஹாயோவின் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி கம்பெனி. டேல் கிளீஸ்ட் என்ற இளம் ஊழியர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். உருகிய கண்ணாடியைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி ஒட்டுவது அவர் திட்டம். ஒட்டவில்லை. மாறாக, பஞ்சுமிட்டாய் மாதிரி மெல்லிய கண்ணாடி இழைகள் பறந்தன. இன்னொருவராக இருந்தால் 'சே!' என்று கூட்டித் தள்ளிவிட்டுப் போயிருப்பார். ஆனால், கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த கேம்ஸ் ஸ்லேட்டருக்கு அந்தக் குப்பையின் மதிப்பு தெரிந்தது. மலிவாகக் கண்ணாடி இழை செய்யும் வழியைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். 1938-ல் ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸ் என்று தனி கம்பெனியே பிறந்துவிட்டது.

இழை மட்டும் இருந்தால் அது வெறும் பஞ்சு. அதைக் கெட்டிப்படுத்த ஒரு பசை வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் அந்தக் குறையைத் தீர்த்தது. தேன் மாதிரி ஊற்றலாம், பிரஷ்ஷால் பூசலாம், இறுகிவிட்டால் கல். கண்ணாடி இழை கம்பி மாதிரி, ரெசின் கான்கிரீட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே இரண்டும் சுமார். சேர்ந்தால் இரும்பு பயப்படும்!

உடனே வந்தது இரண்டாம் உலகப்போர். போர் விமானத்தின் ரேடார் கருவியைக் காற்றும் மழையும் தாக்காமல் மூட வேண்டும். உலோகத்தால் மூடினால் ரேடார் அலை வெளியே போகாது. ஃபைபர்கிளாஸோ அலைகளைத் தடுப்பதே இல்லை. ராணுவம் அள்ளிக்கொண்டது. போர் முடிந்தபோது, ரெசினும் இழையும் அந்த வேலை தெரிந்த கைகளும் மிச்சம் இருந்தன. முக்கியமாக, தெற்கு கலிஃபோர்னியாவில். கடற்கரை ஊர்களில் படகுப் பட்டறைகள் முளைத்தன.

அப்படி ஒரு படகுப் பட்டறை நடத்தியவர் பில் டிரிட். கென் புரூக்ஸ் என்ற விமானப்படை மேஜர் அவரிடம் வந்து நின்றார். தன் மனைவிக்காக, ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேல் அழகான கார் உடம்பு ஒன்று வேண்டுமாம். படகு செய்கிற மாதிரியே கார் உடம்பையும் செய்தால் என்ன? டிரிட் செய்தார். 1951-ல் வண்டி ரோட்டுக்கு வந்தது. ரெசின் தயாரிக்கும் கம்பெனிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. டிரிட்டின் காரை ஊர் ஊராகக் காட்டினார்கள். 1952-ல் 'லைஃப்' பத்திரிகை படம் போட்டு எழுதியது. ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

அதற்கடுத்த வருடம், 1953 ஜனவரியில், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு வெள்ளை நிற ஸ்போர்ட்ஸ் காரை மேடையேற்றியது. கார்வெட்! உடம்பு முழுக்க ஃபைபர்கிளாஸ். முதல் வருடம் 300 கார்கள். அத்தனையும் வெள்ளை, அத்தனையும் உள்ளே சிவப்பு.

ராட்சச கம்பெனி ஏன் படகுக்காரர்களின் வழிக்கு வந்தது? இரும்புத் தகட்டை வளைக்க ராட்சச பிரஸ் மெஷின் வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி இரும்பு அச்சு. அதைச் செய்யவே ஏகப்பட்ட காசும் காலமும் ஆகும். லட்சக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படி. 300 காருக்கு யார் போடுவார்கள்?

கார்வெட்டில் இன்னொரு வேடிக்கை. அந்த வெள்ளைக் காருக்கு ரேடியோ ஏரியல் வெளியே தெரியாது. டிக்கி மூடிக்குள்ளேயே கம்பி வலையாகப் புதைத்துவிட்டார்கள். ஃபைபர்கிளாஸ்தான் அலையைத் தடுக்காதே! ஆனால், அதே காரணத்தால் இன்ஜினின் இரைச்சலும் தடையின்றி ரேடியோவுக்குள் புகுந்தது. இரும்புக் கார்களில் பானட்டே அந்த இரைச்சலை மறித்துவிடும். இங்கே இன்ஜினின் ஸ்பார்க் பகுதிகளுக்குத் தனியாக உலோகக் கவசம் மாட்ட வேண்டியிருந்தது. 1930-ல் கால்வினைப் படுத்திய அதே இரைச்சல்.

* * *

கம்பெனிக்காரர்கள் கதை போதும். கராஜ்காரர்களிடம் வருவோம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் எட் ராத் என்று ஒருவர். வாட்டசாட்டமான ஆள். பட்டப்பெயர் 'பிக் டாடி'. கார்களுக்குக் கோடு வரைவதும், டி-ஷர்ட்டில் அசிங்கமான எலி பொம்மை வரைந்து விற்பதும் அவர் பிழைப்பு. அந்த எலிக்கு 'ரேட் ஃபிங்க்' என்று பெயர். மிக்கி மவுஸுக்கு எதிர்ப்பதம்!

1959-ல் அவர் 'அவுட்லா' என்ற காரைச் செய்தார். வரைபடம் கிடையாது. இன்ஜினீயர் கிடையாது. பிளாஸ்டரைக் குழைத்துக் குவித்து, பிள்ளையார் பிடிக்கிற மாதிரிக் கையால் செதுக்கி உருவம் கொண்டுவருவது அவர் பாணி. உருவம் திருப்தியானதும் ஃபைபர்கிளாஸ் போர்த்த வேண்டியது. 1961-ல் செய்த 'பீட்னிக் பாண்டிட்' காருக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. ஒரே ஒரு குச்சி. தலைக்கு மேலே கண்ணாடிக் குமிழ். இந்தக் கார் இன்றைக்கு ரீனோ நகரத்து கார் மியூசியத்தில் நிற்கிறது.

அதுவரை கஸ்டம் கார் என்றால் இரும்பை வெட்டி ஒட்டி ஈயம் பூசுகிற வேலை. பல வருடம் டிங்கரிங் பழகியவனால்தான் முடியும். ராத் செய்து காட்டியது வேறு. பிரஷ், வாளி, பொறுமை இருந்தால் போதும். அமெரிக்கா முழுக்கப் பையன்கள் கராஜ் கதவைத் திறந்தார்கள்.

இனி, நான் முதலில் சொன்ன மனிதர்.

புரூஸ் மேயர்ஸ். 1926-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். கடல் பைத்தியம், அலைச்சறுக்கு வீரர், ஓவியர். இரண்டாம் உலகப்போரில் 'பங்கர் ஹில்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் வேலை. 1945 மே 11 அன்று, ஒகினாவா அருகே, ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து அந்தக் கப்பலில் மோதின. சுமார் 400 பேர் செத்தார்கள். கடலில் குதித்துத் தப்பியவர்களில் மேயர்ஸும் ஒருவர்.

போர் முடிந்து ஊர் திரும்பிப் படகுப் பட்டறையில் ஃபைபர்கிளாஸ் வேலை பழகினார். கடற்கரை மணலில் ஓட்டுவதற்காக, பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டிகளை உரித்து இளைஞர்கள் ஓட்டுவதைப் பார்த்தார். பார்க்கச் சகிக்காத எலும்புக்கூடுகள். நாம் ஒன்று செய்தால் என்ன?

1964 மே மாதம், சிவப்பாக ஒரு வண்டி அவர் கராஜிலிருந்து உருண்டு வந்தது. கதவில்லை, கூரையில்லை. முன்பக்கம் சிரிக்கிற முகம். வால் இல்லாத பூனை இனம் ஒன்றின் பெயரை வைத்தார்: மேயர்ஸ் மான்க்ஸ். மணல்மேட்டில் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. 1967-ல் மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்த ரெக்கார்டை உடைத்தார். அதே வருடம் நடந்த முதல் பாஹா பந்தயத்தில் ஜெயித்ததும் ஒரு மான்க்ஸ்தான். 1968-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் ஸ்டீவ் மெக்வீன் அதை ஓட்டினார். கேட்க வேண்டுமா? ஆர்டர் குவிந்தது.

பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது.

ஃபைபர்கிளாஸுக்கு ஒரு குணம் உண்டு. எதன் மேல் போர்த்துகிறோமோ, அதன் உருவத்தை மயிரிழை பிசகாமல் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒரு மான்க்ஸ் உடம்பை விலை கொடுத்து வாங்குங்கள். நன்றாக மெழுகு தடவுங்கள். அதன் மேல் இழையும் ரெசினும் போட்டுக் காயவிட்டுப் பெயர்த்தெடுங்கள். கையில் இருப்பது என்ன? அச்சு! இனி அந்த அச்சுக்குள் எத்தனை மான்க்ஸ் வேண்டுமானாலும் வார்க்கலாம். மேயர்ஸ் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட வளைவுகள், ஒரு வாரத்தில் உங்களுடையது.

கராஜ் கராஜாகக் காப்பியடித்தார்கள். அமெரிக்காவில் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும். மேயர்ஸ் செய்தது சுமார் 6,000. உலகம் முழுக்க மற்றவர்கள் செய்த நகல்கள் இரண்டரை லட்சம் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு. காப்புரிமை வாங்கியிருந்தார் மேயர்ஸ். கோர்ட்டுக்குப் போனார். அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது.

1970-ல் தன் பெயரில் இருந்த கம்பெனியைவிட்டு மேயர்ஸ் வெளியேறினார். அடுத்த வருடம் கம்பெனியும் மூடியது. பிரஸ் மெஷின் இல்லாமலே உருவம் செய்ய அவருக்கு உதவிய அதே சரக்குதான், அந்த உருவத்தை ஊராருக்கு எடுத்துக் கொடுத்தது. யாரைக் குற்றம் சொல்வது?

* * *

இந்த இடத்தில்தான் இரண்டு ஆறுகளும் கலக்கின்றன.

கேசட் வந்து, காருக்குள் ஆம்ப்ளிஃபையர் வந்து, 1980-களில் யார் வண்டி அதிகம் அதிர்கிறது என்று போட்டியே வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது படகுக்காரர்களின் வித்தை டிக்கிக்குள் நுழைந்தது. ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசத்தோடு.

பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். டிக்கியின் ஒரு மூலையில் தச்சர்கள் மாதிரி அளவெடுக்கிறார்களா? இல்லை. பெயின்ட் கெடாமல் இருக்க டேப்பும் அலுமினியத் தாளும் ஒட்டுகிறார்கள். அதன் மேல் கண்ணாடி இழை விரிப்பை வைத்து, ரெசினைப் பிரஷ்ஷால் ஒற்றுகிறார்கள். உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் ரோலரால் உருட்டுகிறார்கள். ஒரு படலம், இரண்டு, மூன்று. மறுநாள் பெயர்த்தெடுத்தால், அந்த மூலையின் மேடு பள்ளம் அப்படியே கையில் வருகிறது. இது பின்பக்கம்.

முன்பக்கத்துக்குத்தான் அசல் சாமர்த்தியம். ஸ்பீக்கர் உட்கார வேண்டிய இடத்தில், எம்.டி.எஃப். பலகையில் வெட்டிய வளையம் ஒன்றைக் குச்சிகளால் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். அதன் மேல் ஃப்ளீஸ் துணியை இழுத்துப் போர்த்தி ஓரமெல்லாம் பின் அடிக்கிறார்கள். கூடாரத்துணி மாதிரி விறைத்து நிற்கும்போது, துணி தானே ஒரு வளைவைத் தேடிக்கொள்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அழகாக இறங்குகிறது. எந்த ஓவியனும் போட முடியாத கோடு அது. அதன் மேல் ரெசினை ஊற்ற, துணி குடித்து இறுகுகிறது. பிறகு உள்ளேயும் வெளியேயும் இழை விரிப்பு, பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, கடைசியில் ரெக்ஸினோ பெயின்ட்டோ. கதவுத் தகடும் இதே கதைதான். வளைந்த ஓடு முட்டை ஓடு மாதிரி உறுதியானது. லேசில் அதிராது.

எத்தனை லிட்டர் என்று எப்படித் தெரியும்? கோணல் உருவத்துக்கு எந்த சூத்திரமும் உதவாது. பார்சலில் வரும் தெர்மோகோல் மணிகளைப் பெட்டிக்குள் கொட்டி நிரப்பி, பிறகு அளவு தெரிந்த டப்பாவில் கொட்டி அளக்கிறார்கள். படியால் அரிசி அளக்கிற அதே முறை! தீலும் ஸ்மாலும் போட்ட கணக்கு இப்படித்தான் முடிகிறது.

வித்தியாசம் புரிகிறதா? மேயர்ஸின் வண்டிக்கு அச்சு இருந்தது. அதனால் திருடு போனது. இங்கே காரே அச்சு. அந்த மூலைக்கு, அந்த ஸ்பீக்கருக்கு, அந்த மனிதனின் ஆசைக்கு மட்டும் செய்த வார்ப்பு. வித்தையை யார் வேண்டுமானாலும் கற்கலாம். பெட்டியைப் பெயர்த்தெடுத்து வேறு மாடல் காரில் வைத்தால் பொருந்தாது!

2004-ல் எம்.டி.வி.யில் 'பிம்ப் மை ரைடு' நிகழ்ச்சி வந்ததும், இந்த வேலை உலகத்துக்கே பரிச்சயமாகிவிட்டது. ஓட்டைக் காரை உள்ளே தள்ளி, ரதமாக வெளியே எடுப்பார்கள். பார்த்த பையன்களெல்லாம் ரெசின் டப்பா வாங்க ஓடினார்கள்.

டி.வி. காட்டாத பக்கம் ஒன்று உண்டு. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். அது அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2018-ல் வகைப்படுத்தியது. உப்புத்தாள் போடும்போது பறக்கும் இழைத்தூள் தோலில் ஏறினால், குளித்தாலும் அரிப்பு போகாது. இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அதையும் ஆக்ஸிலரேட்டர் எனப்படும் கோபால்ட் கரைசலையும் ரெசின் இல்லாமல் நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைத் தொட வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். காற்றோட்டமில்லாத பட்டறையில், முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிற பையனின் நுரையீரல்தான் பல அழகான வளைவுகளுக்கு விலை.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இத்தனை கூத்தும் தொடங்கிய கலிஃபோர்னியாவிலேயே, 50 அடி தள்ளி நிற்பவருக்குக் காரின் பாட்டு கேட்டால் குற்றம் என்கிறது அந்த மாநில வாகனச் சட்டம். சிக்னலில் நீங்கள் மனசுக்குள் திட்டியதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு!

* * *

மேயர்ஸ் என்ன ஆனார்?

இருபது வருடத்துக்கு மேல் அந்த வண்டியின் பேச்சையே எடுக்காமல் விலகி இருந்தார். 1994-ல் பிரான்ஸில் ஒரு ரசிகர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மனைவியோடு போனார். அங்கே திரண்டிருந்த பக்கி வண்டிகளையும், அதைக் குழந்தை மாதிரி வளர்க்கிற மனிதர்களையும் பார்த்தார். அவற்றில் எத்தனை அசல், எத்தனை நகல்? அவருக்கு அது முக்கியமாகப் படவில்லை. ஊர் திரும்பியதும் மான்க்ஸ் கிளப் உருவானது. 2000-ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, மறுபடியும் வண்டி செய்ய ஆரம்பித்தார். 2014-ல் அவருடைய முதல் சிவப்பு வண்டியை அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்தார்கள். 2021 பிப்ரவரியில், 94-வது வயதில் காலமானார்.

காற்றைப் பெட்டிக்குள் அடைத்த வில்ச்சரின் காப்புரிமையும் கோர்ட்டில் நிற்கவில்லை. அவரும் அதற்காக மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2011-ல் மறைந்தபோது அவருக்கும் வயது 94!

அடுத்தமுறை சிக்னலில் நெஞ்சு அதிர்ந்தால், தாராளமாகத் திட்டுங்கள். ஆனால், அந்த டிக்கிக்குள் இருப்பது அந்தப் பையனின் பாட்டு மட்டுமில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை ஒட்டத் தெரியாமல் சொதப்பிய ஒரு தொழிலாளி, ஸ்டால் போடக் காசில்லாத ஒரு வியாபாரி, பிளாஸ்டரில் கார் பிடித்த ஓர் ஓவியன், அச்சைப் பறிகொடுத்த ஒரு மாலுமி... எல்லோரும் உள்ளே உட்கார்ந்துதான் மேளம் தட்டுகிறார்கள்.